வருமுன் அறிதல்: வரமா, சுமையா?

அந்தமான் தீவுகளின் தலைநகரில் ஷாதிபூர் என்றொரு பகுதி உண்டு. போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கிய அந்நகரம் 2024 ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. ‘ஷாதி’ என்றால் இந்துஸ்தானி மொழியில் திருமணம். மணம் புரிந்துகொண்ட கைதிகள் குடியமர்ந்த இடமாதலால் அவ்வூருக்கு இப்பெயர் வந்தது என்று சொல்வர்.

1858 ஆம் ஆண்டில் ஆங்கில அரசு அத்தீவில் கைதிகளின் குடியிருப்பை நிறுவியது. பின்னர்ப் பெண் கைதிகளும் கொண்டுவரப்பட்டனர். நன்னடத்தையோடு சில ஆண்டுகளைக் கழித்தவர்கள் மணம் புரிந்து, நிலத்தை உழுது வாழ அனுமதி பெற்றனர். மணமகன் ஒரு மாநிலத்தவர். மணமகள் வேறொரு மாநிலத்தவர். மொழி வேறு, குலம் வேறு, சில வேளைகளில் மதமும் வேறு. கருநீரைக் கடந்து வந்த அவர்களுக்குப் பின்னால் உற்றார் இல்லை, ஊர் இல்லை. ‘இவருடைய தந்தை எப்படி இறந்தார்? பாட்டிக்கு என்ன நோய் இருந்தது?’ என்று விசாரிக்க ஆளும் இல்லை. ஒருவர் கையை ஒருவர் நம்பிப் பற்றினர். அவ்வளவே.

திருமணம் என்பது எங்கும் ஓரளவுக்கு இத்தகையதுதான். கைப்பற்றும் இருவரும் தத்தம் முன்னோர் அனைவரையும் கண்ணுக்குத் தெரியாமல் உடன் அழைத்து வருகின்றனர். முன்னோரின் சாயலும் குரலும் மட்டுமல்ல, சில நோய்களும் அவ்வாறே வருகின்றன. முன்பு அவை வந்தபின்னரே தெரிந்தன. இன்று அவற்றுள் சிலவற்றை, உடல் நலமாக இருக்கும்போதே, இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன்னதாகவே ஒரு துளி இரத்தத்தில் அறிந்துகொள்ள முடிகிறது. இது அறிவியல் தந்த வரமா? அல்லது மனிதன் தாங்கவொண்ணாத சுமையா?

ஒரு வீட்டின் கேள்வி

ஷாதிபூர் போன்ற ஒரு தெருவில் ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். குடும்பத் தலைவருக்கு ஐம்பத்து மூன்று வயது. ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்னர் அவருடைய குணம் மாறத் தொடங்கியது. அமைதியானவர் சினம் கொண்டார். பின்னர்க் கைகால்கள் தாமாகவே அசைந்தன, நடை தள்ளாடியது. குடிக்கிறார் என்று அக்கம்பக்கத்தார் பேசினர். கடல் கடந்து சென்னைக்கு அழைத்துச் சென்ற பிறகே அது ஹண்டிங்டன் நோய் என்று தெரிந்தது. மூளையின் உயிரணுக்கள் மெல்ல மெல்லச் சிதையும் பரம்பரை நோய் அது.

அவருக்கு இருபத்தேழு வயதில் ஒரு மகன். இருபத்து மூன்று வயதில் ஒரு மகள். இருவரும் நலமாக உள்ளனர். ஆனால் இருவருக்கும் இந்நோய் வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சோதித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறாள் மகள். ‘வேண்டாம், தெரிந்து என்ன செய்யப் போகிறோம்?’ என்கிறான் அண்ணன். அவனுக்குப் பெண் பார்த்து முடிவாகிவிட்டது. கல்யாணம் முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்கிறாள் தாய்.

மூவரும் ஒருவர்மீது ஒருவர் அன்பு கொண்டவர்களே. மூவர் சொல்லும் சொல்லிலும் ஒரு நியாயம் இருக்கிறது. எனினும் மூன்றும் ஒன்றோடொன்று மோதுகின்றன. அறநெறி பற்றிய கேள்விகள் நூலகத்தில் பிறப்பதில்லை; இத்தகைய வீடுகளின் சமையலறையில்தான் பிறக்கின்றன.

சோதனை சொல்வது என்ன?

ஹண்டிங்டன் நோயை 1872 ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஹண்டிங்டன் என்ற இளம் அமெரிக்க மருத்துவர் தெளிவாக விவரித்தார். அது குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வருவதை அவருடைய பாட்டனாரும் தந்தையும் மருத்துவர்களாக இருந்து கண்டிருந்தனர். அதற்குக் காரணமான மரபணு நான்காவது குரோமோசோமில் இருக்கிறது என்பது 1983 இல் தெரியவந்தது. 1993 இல் மரபணுவே கையில் அகப்பட்டது.

அம்மரபணுவில் சி, ஏ, ஜி என்னும் மூன்று வேதி எழுத்துகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பெரும்பாலோருக்கு இருபது முறைக்குச் சற்று முன்பின்னாக வரும். அதே தொடர் நாற்பது முறையோ அதற்கு மேலோ வந்தால், இயல்பான ஆயுளை வாழ்கின்றவருக்கு நோய் வந்தே தீரும். முப்பத்தாறு முதல் முப்பத்தொன்பது வரை வந்தால் வரலாம், வராமலும் போகலாம். நோய் பெரும்பாலும் முப்பது வயதுக்கும் ஐம்பது வயதுக்கும் இடையில் தலைகாட்டுகிறது. பெற்றோருள் ஒருவருக்கு இருந்தால் போதும். ஒவ்வொரு குழந்தைக்கும் சரிபாதி வாய்ப்பு. உறவில் மணந்தாலும் அயலில் மணந்தாலும் இக்கணக்கு மாறுவதில்லை.

நம் நாட்டுக்கே உரிய எடுத்துக்காட்டுகளும் உண்டு. நடையைத் தள்ளாட வைக்கும் சிறுமூளைத் தேய்வு நோய்களுள் பன்னிரண்டாம் வகை என்று ஒன்று. உலகில் மிக அரிதான அது, வட இந்தியாவில் குறிப்பிட்ட ஒரு சமூகத்துக் குடும்பங்களில் மிகுதியாகக் காணப்படுவதை 2001 முதல் மருத்துவர்கள் பதிவு செய்து வருகின்றனர். என்றோ வாழ்ந்த ஒரு முன்னோரிடம் ஏற்பட்ட ஒரு சிறு மாற்றம், தமக்குள்ளேயே மணம் புரிந்துவந்த வழித்தோன்றல்களிடையே பரவியிருக்கிறது. கையில் மெல்லிய நடுக்கமாகத் தொடங்கும் அந்நோயைத் தந்தையிடம் கண்ட பிள்ளை, தன் கையில் தேநீர்க் கோப்பை சற்று ஆடினாலும் உள்ளம் நடுங்குகிறான். ஒரு கைநடுக்கத்தில் தன் எதிர்காலம் முழுவதையும் படிக்க முயல்கிறான்.

தந்தையின் நோயைப் பராமரிப்பதற்கும் மேலான ஒரு துன்பம் இது. ‘நாளைய என்னை இன்றே பார்க்கிறேனோ?’ என்ற ஐயத்தோடு அவருக்கு உணவு ஊட்டும் மகனின் நிலையை, அதனை அனுபவிக்காதவர் எளிதில் உணர முடியாது.

தேடிக் கண்டவர் திறக்காத கதவு

இவ்விடத்தில் நான்சி வெக்ஸ்லர் என்ற அமெரிக்க அறிஞரின் வாழ்க்கை நினைவுகொள்ளத் தக்கது. அவருடைய தாயார் ஒருநாள் காலை தெருவைக் கடக்கையில், ‘விடிந்ததும் விடியாததுமாக இப்படிக் குடிக்கலாமா?’ என்று ஒரு காவலர் கடிந்துகொண்டார். அந்த அம்மையார் குடிக்கவில்லை. ஹண்டிங்டன் நோய் அவரைத் தள்ளாட வைத்திருந்தது. 1968 இல் நோய் உறுதியானபோது நான்சி இருபதுகளின் தொடக்கத்தில்தான் இருந்தார். தமக்கும் தம் சகோதரிக்கும் சரிபாதி வாய்ப்பு என்பதை அன்றே அவர் அறிந்துகொண்டார். தாயார் 1978 இல் மறைந்தார்.

நான்சி முடங்கிப் போகவில்லை. வெனிசுவேலா நாட்டில் மராகைபோ ஏரிக்கரைச் சிற்றூர்களில் இந்நோய் மிகுதி என்று அறிந்து, ஆண்டுதோறும் அங்கே சென்றார். ஆயிரக்கணக்கானோரின் வமிசாவளியைத் திரட்டினார். இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். நோயுற்றோரை அணைத்துக்கொண்டார். மரபணுவைக் கண்டறிய அந்த உழைப்பு பெருந்துணையாயிற்று.

தம் நோயை முன்கூட்டி அறியும் சோதனைக்கு வழிவகுத்த அவர், தாம் அச்சோதனையைச் செய்துகொண்டாரா என்பதை வெளியிடவில்லை. தெரிந்துகொள்வதன் பாரத்தைப் பற்றியே பலமுறை பேசினார். 2020 ஆம் ஆண்டில், எழுபது வயதைக் கடந்த நிலையில், தமக்கும் அந்நோய் இருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பிறர் தம் நோயை மறைத்து வெட்கப்படக் கூடாது என்பதே அதன் நோக்கமாக இருந்தது.

சோதனை கிடைப்பதற்கு முன், ‘கிடைத்தால் செய்துகொள்வோம்’ என்று பெரும்பாலோர் கூறினர். கிடைத்த பிறகு பல நாடுகளிலும் அதனைச் செய்துகொண்டவர்கள், வாய்ப்புள்ளோரில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவே. அவர்களைக் கோழைகள் என்று கூறலாமா? கூடாது. ‘வரலாம்’ என்பதில் நம்பிக்கைக்கு இடமிருக்கிறது. ‘வரும்’ என்பதில் அது இல்லை. அந்தச் சிறு இடத்தில் நின்றுகொண்டே சிலர் படிக்கின்றனர், உழைக்கின்றனர், அன்பு செலுத்துகின்றனர். வேறு சிலருக்கோ ‘வரலாம்’ என்பதே நரகம்; எந்த விடையானாலும் விடை வேண்டும். இரண்டும் மனித இயல்பே. தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமையைப் போலவே, தெரிந்துகொள்ளாதிருக்கும் உரிமையும் ஒருவனுக்கு உண்டு.

சாவித்திரியின் ஓராண்டு

நம் இதிகாசம் இக்கேள்வியை நெடுங்காலத்துக்கு முன்பே எழுப்பியிருக்கிறது. மகாபாரதத்தின் வனபர்வத்தில் வரும் சாவித்திரி, சத்தியவானைக் கணவனாக வரித்துவிட்டுத் தந்தையிடம் திரும்புகிறாள். அங்கே வீற்றிருந்த நாரதர், அவனிடம் ஒரே ஒரு குறை உண்டு என்கிறார்: இன்றிலிருந்து ஓராண்டில் அவன் உயிர் துறப்பான். தந்தை அசுவபதி வேறொருவனைத் தேடச் சொல்கிறார். அவள் மறுக்கிறாள். அறிந்தே மணக்கிறாள்.

கதையைக் கேட்போர் பெரும்பாலும் யமனோடு அவள் வாதாடியதையே வியப்பர். அதற்கு முந்திய ஓராண்டும் வியக்கத்தக்கது. காட்டுக் குடிலில் பார்வையிழந்த மாமனாருக்கும் மாமியாருக்கும் பணிவிடை செய்துகொண்டு, உள்ளத்துக்குள் நாள்களை எண்ணியபடி, முகத்தில் ஒரு வாட்டமும் காட்டாமல் அவள் வாழ்ந்தாள். கணவனிடமும் சொல்லவில்லை. அறிவு அவளைச் செயலற்றவளாக்கவில்லை, விழிப்புள்ளவளாக்கியது. இறுதி மூன்று நாள் நோன்பிருந்து, குறித்த நாளில் அவன் விறகு வெட்டப் போகும்போது உடன் சென்றாள்.

இக்கதையில் இரு செய்திகள் உள்ளன. முதலாவது, மணக்கப்போகின்றவளிடம் உண்மை மறைக்கப்படவில்லை. நாரதர் சபையிலேயே சொன்னார். சொன்ன பிறகும் மணப்பதா, வேண்டாமா என்பது அவள் முடிவாயிற்று. இரண்டாவது, அறிவின் பயன் அதைத் தாங்கும் மனத்தைப் பொறுத்தது. சாவித்திரிக்கு அது தவமாயிற்று. வேறொருவருக்கு அதே ஓராண்டு முந்நூற்று அறுபத்தைந்து மரணங்களாகியிருக்கலாம்.

அறியாதிருத்தல் பிழையாகும் இடம்

அப்படியானால், ‘தெரியாமலிருப்பதே நல்லது’ என்று பொதுவாகச் சொல்லிவிடலாமா? அதுவும் இயலாது. வில்சன் நோய் என்ற மற்றொரு நோயைக் கருதிப் பார்க்க வேண்டும். உணவிலுள்ள செம்புச் சத்தை வெளியேற்ற இயலாமல் உடல் திணறுவது இந்நோய். தேங்கும் செம்பு ஈரலையும் மூளையையும் சிதைக்கிறது. பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளையின் கையெழுத்து கெடும்; பேச்சு குழறும்; கைகள் முறுக்கிக்கொள்ளும். 1912 இல் இதனை விவரித்த வில்சனின் காலத்தில் இது உயிர்கொல்லி நோய். 1956 இல் பெனிசிலமின் என்னும் மருந்து உடலிலுள்ள செம்பை வெளியேற்றும் என்று கண்டறியப்பட்டது. பின்னர்த் துத்தநாக மருந்தும் வந்தது.

தாய், தந்தை இருவரும் நலமாகவே இருப்பர். இருவரிடமும் மறைந்திருக்கும் குறை ஒரு குழந்தையிடம் இரட்டித்துச் சேரும்போது நோய் பிறக்கிறது. மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கமுள்ள தென்னாட்டில் இத்தகைய சேர்க்கைக்கு வாய்ப்பு அதிகம். ஒரு பிள்ளைக்கு இந்நோய் உறுதியானால், உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. நோய்க்குறி தோன்றுவதற்கு முன்பே கண்டுபிடித்து, வாழ்நாள் முழுதும் தவறாமல் மருந்து உட்கொண்டால், அந்த உடன்பிறப்பு நோயின்றியே வாழ முடியும். கண் பரிசோதனை, இரத்தச் சோதனை, சிறுநீரில் செம்பின் அளவு, தேவையானால் மரபணுச் சோதனை ஆகியவை அதற்குப் போதும்.

இங்கே ‘எனக்குத் தெரிய வேண்டாம்’ என்று பெற்றோர் சொன்னால் அது உரிமையாகாது. குழந்தைக்கு இழைக்கும் அநீதியாகும். மூத்தவன் படுக்கையில் கிடக்கும்போது, ‘இளையவளுக்கு ஒன்றுமில்லை, ஏன் அவளையும் குத்திப் பார்க்க வேண்டும்?’ என்று இரங்குவது அன்பு போலத் தோன்றும்; விளைவில் அது கொடுமை.

ஆகவே ஒரு தெளிவு பிறக்கிறது. முன்கூட்டி அறிவது தன்னளவில் நன்மையும் அன்று, தீமையும் அன்று. அறிந்ததால் காக்க முடியுமானால் அறிவது கடமை. அறிந்தாலும் காக்க இயலாதெனில், அறிவதா வேண்டாமா என்பது அவரவர் உள்ளத்தின் உரிமை. ஹண்டிங்டனுக்கு இன்னும் அத்தகைய மருந்து மக்கள் கைக்கு வரவில்லை. 2025 செப்டம்பரில், மூளைக்குள் செலுத்தும் ஒரு மரபணுச் சிகிச்சை சிறிய அளவிலான நோயாளிக் குழுவில் நோயின் வேகத்தைக் குறைத்ததாக அறிவிக்கப்பட்டது. நாளை அது உறுதிப்பட்டு எளிதில் கிடைக்குமானால், இன்றைய உரிமை நாளை கடமையாக மாறக்கூடும். அறம் மாறுவதில்லை, அது பற்றி நிற்கும் உண்மைகள் மாறுகின்றன.

உறுதியும் வாய்ப்பும்

பெரும்பாலான குடும்பங்களை அச்சுறுத்துவது இவ்வரிய நோய்கள் அல்ல. முதுமையில் வரும் அல்சைமர் என்னும் மறதி நோயே. இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதி நோய்களோடு வாழ்வதாக 2023 இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பெற்ற தாய் தன் பெயரையே மறந்து ‘நீ யாரப்பா?’ என்று கேட்கும்போது, மகனின் நெஞ்சில் துயரத்தோடு அச்சமும் எழுகிறது: ‘எனக்கும் இப்படித்தானா?’

இங்கே உறுதிக்கும் வாய்ப்புக்கும் உள்ள வேறுபாட்டை அறிதல் வேண்டும். தென்னமெரிக்காவின் கொலம்பியா நாட்டில் சில குடும்பங்களில் ஒரு மரபணு மாற்றத்தால் நாற்பது வயதுகளிலேயே மறதி நோய் வருகிறது. அங்கே அது ஏறக்குறைய உறுதி. ஆயினும் அம்மாற்றத்தைக் கொண்டிருந்த ஒரு பெண்மணி எழுபது வயதை எட்டும்வரை மறதியின்றி வாழ்ந்ததை 2019 இல் விஞ்ஞானிகள் வெளியிட்டனர். வேறொரு மரபணு அவரைக் காத்திருந்தது. ‘உறுதி’ என்று எழுதப்பட்ட ஏட்டிலும் ஒரு வெற்றிடம் இருந்தது.

அத்தகைய குடும்பங்கள் மிகச் சிலவே. முதுமையில் வரும் மறதி நோயில், அபோ-ஈ என்னும் மரபணுவின் நான்காம் வகை வாய்ப்பை உயர்த்துகிறது, விதியை எழுதுவதில்லை. அதனைக் கொண்டும் நோயின்றி முதுமை எய்தியோர் பலர். அது இன்றியும் நோயுற்றோர் பலர். மரபணுவின் இரட்டைச்சுருள் வடிவைக் கண்ட ஜேம்ஸ் வாட்சன், 2007 இல் தம் மரபணுத் தொகுதி முழுவதையும் உலகுக்கு வெளியிட்டபோது, அபோ-ஈ பற்றிய பகுதியை மட்டும் தமக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவருடைய பாட்டியார் அல்சைமர் நோயால் துன்புற்றவர். மறுபுறம், நோயாளிகளின் பிள்ளைகளுக்கு அபோ-ஈ முடிவைத் தக்க ஆலோசனையோடு சொன்னால் பெரும்பாலோர் நிலைகுலைவதில்லை என்று 2009 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆக, மனிதர் நினைப்பதைவிட வலியவர். ஆனால் அவ்வலிமைக்குத் துணை வேண்டும்.

மூளையில் ஏற்படும் மாற்றங்கள் மறதி தோன்றுவதற்குப் பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. அவற்றை இரத்தத்தில் காணும் சோதனைகளும் வந்துவிட்டன. 2025 மே மாதத்தில் அமெரிக்க அரசு அத்தகைய சோதனை ஒன்றை அனுமதித்தது. ஆனால் அது நினைவுக் குறைபாடு தோன்றியவர்களுக்கே உரியது. நலமாக உள்ளோருக்கு உரியதன்று. விளம்பரங்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை. அச்சத்தை விற்பனைப் பொருளாக்குவோரிடம் எச்சரிக்கை தேவை.

இதற்கிடையே எந்தச் சோதனையும் இன்றிச் செய்யத்தக்கவை உள்ளன. உலகில் மறதி நோயின் ஏறத்தாழ பாதி, மாற்றத்தக்க பதினான்கு காரணங்களோடு தொடர்புடையது என்று 2024 இல் லான்செட் குழு தெரிவித்தது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைபிடித்தல், காது கேளாமையைக் கவனியாமை, உடலுழைப்பின்மை, தனிமை ஆகியன அவற்றுள் சில. தாயின் மறதி நோயைக் கண்டு அஞ்சும் மகன், தன் இரத்த அழுத்தத்தைக் கவனித்து, புகையை விட்டு, நாலு பேரோடு கலந்து பழகினால், சோதனை சொல்லக்கூடிய எதனையும்விட மிகுந்த பயனைப் பெறுவான்.

ஒருவர் அறிந்தால் மற்றவரும் அறிவர்

மரபணுவின் செய்தி ஒருவருக்கு மட்டும் சொந்தமானதன்று. இதுவே இக்கேள்வியைக் கடினமாக்குகிறது. பாட்டனாருக்கு ஹண்டிங்டன் இருந்தது, தந்தை சோதனை வேண்டாம் என்கிறார், பேரன் செய்துகொள்கிறான். பேரனுக்கு இருப்பதாக முடிவு வந்தால், கேட்க விரும்பாத தந்தைக்கும் அக்கணமே விடை கிடைத்துவிடுகிறது. மகனுடைய முகமே அந்தக் கடிதமாகிவிடும். ஷாதிபூர் வீட்டிலும் அப்படித்தான். தங்கை அறிந்துகொள்ளலாம்; அது அவள் உரிமை. ஆனால் அதை அண்ணனிடம் எப்போது, எவ்வாறு சொல்வது, அல்லது சொல்லாதிருப்பது என்பதைச் சோதனைக்கு முன்பே இருவரும் அமர்ந்து பேசிக்கொள்ள வேண்டும்.

இவற்றையெல்லாம் எண்ணியே 1994 இல் உலகளாவிய நெறிமுறைகள் வகுக்கப்பட்டன. சோதனைக்கு முன் ஆலோசனை, சிந்திக்கக் கால அவகாசம், நம்பிக்கைக்குரிய ஒருவர் துணை, முடிவை நேரில் சொல்லுதல், பின்னரும் தொடர்ந்து ஆதரவு என்பன அவற்றின் சாரம். எந்தக் கட்டத்திலும் ‘வேண்டாம்’ என்று திரும்பிவிடலாம். சிகிச்சையற்ற நோய்க்குச் சிறுவர்களைச் சோதிக்கக் கூடாது. வளர்ந்த பிறகு அவர்களே முடிவு செய்ய வேண்டும். பெற்றோரின் பதைப்பைத் தணிப்பதற்காகக் குழந்தையின் எதிர்காலத்தைத் திறந்து பார்ப்பது முறையன்று.

பிறர் கையில் இச்செய்தி ஆயுதமாகவும் ஆகலாம். அமெரிக்கா 2008 இல் சட்டமியற்றி, மரபணுச் செய்தியைக் காட்டி வேலையையோ மருத்துவக் காப்பீட்டையோ மறுப்பதைத் தடுத்தது. நம் நாட்டில் 2018 இல் தில்லி உயர்நீதிமன்றம், மரபணு சார்ந்த நோய் என்று பொதுவாகக் கூறிக் காப்பீட்டை மறுப்பது சமத்துவ உரிமைக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அது மேல்முறையீட்டுக்கும் சென்றது. சட்டம் முழுமையாகக் காக்கும்வரை, இரகசியம் காப்பது மருத்துவரின் கடமை மட்டுமல்ல; உறவினர், அண்டை வீட்டார் அனைவரின் கடமையுமாகும்.

மணப்பந்தலில் மௌனம்

இனி அந்தத் தாயின் சொல்லுக்கு வரலாம். ‘கல்யாணம் முடியும்வரை சொல்லாதே.’ அவளுடைய அச்சம் பொய்யன்று. சொன்னால் மகனின் திருமணம் நின்றுவிடலாம். அத்தோடு மகளின் வாழ்வும் ஊர்வாயில் விழும். இத்தனை ஆண்டுகள் கணவனைச் சுமந்தவள் பிள்ளைகளின் மணக்கோலத்தையாவது காண விரும்புகிறாள். அவளைப் பழிக்க யாருக்கும் மனம் வராது.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. அந்தத் தாய் இன்று சுமக்கும் சுமையை, ஒன்றும் அறியாத மற்றொரு பெண்ணின் தலையில் அவளைக் கேளாமலே ஏற்றலாமா? மகனுக்குத் தன் முடிவை அறியாதிருக்க உரிமை உண்டு. அது அவனைப் பற்றியது. ஆனால் தந்தையின் நோயையும், சரிபாதி வாய்ப்பையும் அவன் ஏற்கெனவே அறிவான். அறிந்ததை மணக்கப்போகின்றவளிடம் மறைப்பது, அறியாதிருக்கும் உரிமையில் அடங்காது. அது அவளுடைய வாழ்வையும், பிறக்கப்போகும் குழந்தைகளையும் பற்றியது. சோதிக்காமலிருக்கலாம்; மறைக்கக் கூடாது. இரண்டும் வேறு.

ஊருக்குப் பறையடிக்க வேண்டும் என்பதில்லை. சொல்ல வேண்டியது அந்த ஒருத்தியிடம். தனிமையில், தெளிவாக, அவள் சிந்திக்க நாள் கொடுத்து. விலகிச் சென்றால் அவள்மீது வருத்தம் கொள்ளலாகாது. ஏற்றுக்கொண்டால் அது சாவித்திரியின் ஏற்பு. கண் திறந்த ஏற்பு. அவ்வாறு தொடங்கும் இல்லறம், பின்னர் உண்மை வெளிப்படும் நாளில் ‘என்னை ஏமாற்றினீர்களே’ என்ற சொல்லால் உடையாது. நோய் வந்தாலும் அது இருவரும் சேர்ந்து சுமக்கும் நோயாக இருக்கும்.

கேட்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. உண்மை சொன்னவரைத் தண்டிக்கும் சமூகம் பொய்யையே விளைவிக்கும். ‘அந்தக் குடும்பமா?’ என்று முகஞ்சுளிக்கும் ஒவ்வொருவரும், அடுத்த வீட்டுத் தாயை மௌனத்துக்குள் தள்ளுகின்றனர்.

குற்றமும் மரபும்

‘முன்வினைப் பயன்’ என்று சொல்லி நோயுற்ற குடும்பத்தை ஒதுக்குவோர் உண்டு. ஷாதிபூரின் வரலாறு அதற்கு விடை கூறும். அங்கே மணம் புரிந்தோர் கைதிகள். பிறந்த குழந்தைகளோ கைதிகள் அல்லர். தந்தை எக்குற்றத்துக்காகக் கடல் கடத்தப்பட்டிருந்தாலும், அக்குற்றம் மகனுக்கு வந்து சேரவில்லை. அவர்களின் வழித்தோன்றல்கள் ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் உழவர்களாகவும் அத்தீவின் வாழ்வைக் கட்டியெழுப்பினர். குற்றமே மரபாக வராதபோது, மரபாக வரும் நோய் எப்படிக் குற்றமாகும்? வினைக்கொள்கையைத் தன்னைத் திருத்திக்கொள்ளப் பயன்படுத்துபவன் அறிவாளி. பிறரைப் பழிக்கப் பயன்படுத்துபவன் அக்கொள்கையை அறியாதவன்.

மேலும், மனிதன் அவனுடைய மரபணுக்களின் கூட்டுத்தொகை அல்லன். நினைவு மங்கிய தாயிடமும், கை அடங்காத தந்தையிடமும், அன்புக்குரிய அந்த உயிர் குறைவுபடாமல் இருக்கிறது. பிள்ளைகள் இதனை நோயாளியிடத்தில் உண்மையாகவே கண்டுகொண்டால், தம் எதிர்காலத்தைப் பற்றிய அச்சத்தில் பாதி கரைந்துவிடும். ‘நானும் இப்படியானால் என்னை யார் மதிப்பார்?’ என்பதே அந்த அச்சத்தின் வேர். தந்தையைத் தாம் மதிக்கும் முறையிலேயே அதற்கான விடையை அவர்கள் எழுதிக்கொண்டிருக்கின்றனர்.

பரீட்சித்து மன்னனுக்கு ஏழு நாளில் மரணம் என்று தெரிந்தது. அவன் கங்கைக்கரையில் அமர்ந்து, வாழ்வின் பொருள் என்ன என்று சுகமுனிவரிடம் கேட்டான். உண்மையில் எல்லா மனிதருக்கும் மரணம் அந்த ஏழு நாள்களுக்குள்தான். ஞாயிறு முதல் சனி வரை உள்ள ஏதோ ஒரு கிழமையில். பரீட்சித்துக்குக் கிடைத்த செய்தியில் புதுமை ஏதுமில்லை. அதை அவன் கேட்டுக்கொண்ட முறையில்தான் புதுமை இருந்தது.

ஷாதிபூர் வீட்டில் தங்கை ஆலோசகரிடம் செல்லலாம், அண்ணன் செல்லாதிருக்கலாம். ஒருவர் மற்றவரைக் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் மணப்பெண்ணிடம் அவன் உண்மையைச் சொல்ல வேண்டும். தாய் அதற்குத் துணை நிற்க வேண்டும். அன்று மாலையும் தந்தைக்கு யாரேனும் சோறு ஊட்டத்தான் வேண்டும். சிந்தாமல், அவசரப்படாமல், ‘இன்னும் ஒரு வாய் அப்பா’ என்று சொல்லி ஊட்டும் அந்தக் கை நாளை நடுங்குமா என்பதை எச்சோதனையும் இன்றே சொல்லலாம். இன்று அது என்ன செய்கிறது என்பதை அக்கைக்கு உரியவரே தீர்மானிக்கிறார்.